ஒரு லிட்டர் பெட்ரோல், நாற்பது மில்லி எண்ணெய்: இரவல் போன புல்வெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு தென்னந்தோப்புகள். ஒரு தோப்புக்காரரிடம் தோளில் மாட்டி ஓட்டும் புல்வெட்டும் மிஷின் இருந்தது. 52 சிசி, டூ ஸ்ட்ரோக், வாங்கி நான்கு வருடம். பக்கத்துத் தோப்புக்காரர் வயதில் இளையவர், இரண்டு ஏக்கர் தென்னை. ஐப்பசி மழை விட்ட கையோடு அவர் தோப்பில் புல் முழங்காலுக்கு ஏறிவிட்டது. காய் போட ஆள் வரும் நாளும் நெருங்கிவிட்டது. புல்லுக்குள் விழுந்த காயைத் தேடி எடுப்பதற்குள் பாதி நாள் போகும், பாம்பு பயம் வேறு.

வெள்ளிக்கிழமை மாலை வேலியோரம் நடந்த பேச்சு முழுவதும் இவ்வளவுதான்:

"ஏனுங்ணா, அந்தப் புல்லு வெட்ற மிஷினு ரெண்டு நாளைக்குக் கெடைக்குங்களா?"

"எடுத்துட்டுப் போ தம்பி. ஷெட்டுலதான் இருக்குது. பக்கத்துல கேன்ல பெட்ரோலும் இருக்குது பாரு."

இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். மோட்டார் பழுதானால் ஒருவர் கிணற்றிலிருந்து மற்றவர் தண்ணீர் விட்டுக்கொண்ட உறவு. கேட்டவர் தயங்காமல் கேட்டார், கொடுத்தவர் யோசிக்காமல் கொடுத்தார். பதினைந்து நாள் கழித்து இருவரும் ஒரே தடத்தில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இடையில் என்ன நடந்தது என்பதை மிஷினைப் பிரித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரவலில் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் பொருள் கெட்ட நாளில் தொடங்குவதில்லை. பொருள் கைமாறிய அந்த ஐந்து நிமிடத்தில், வாயில் வராமல் போன நாலு வார்த்தையில்தான் தொடங்குகிறது.

நடந்தது

கேனில் இருந்தது சுமார் ஒரு லிட்டர். எண்ணெய் கலந்து வைத்த பெட்ரோல். இந்த அளவு மிஷின் அடர்ந்த புல்லில் மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிக்கும். அப்படியானால் கொடுத்தவர் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான எரிபொருளோடு இரண்டு நாள் வேலைக்கு மிஷினை அனுப்பியிருக்கிறார். மீதிக்கு என்ன ஊற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இவருக்குத் தெரிந்த வண்டி பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் மொபெட் அல்ல, இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக். பெட்ரோல் தனி, இன்ஜின் ஆயில் தனி. பெட்ரோலுக்குள்ளேயே எண்ணெயைக் கலக்கும் பழக்கம் பங்க்குகளில் கண்ணுக்குத் தெரிந்த காலம் போய்விட்டது. இவர் வயதுக்காரர்கள் பலர் அதைப் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை கேன் பெட்ரோல் தீர்ந்தது. வேலைக்கு வந்த ஆள் பைக்கிலிருந்து ட்யூப் போட்டுப் பெட்ரோல் இறக்கி டேங்கில் ஊற்றினார். ஞாயிறு காலை மிஷினை ஓட்டியதும் தோப்புக்காரர் அல்ல, அந்த ஆள்தான். பத்து இருபது நிமிடம் நன்றாகவே ஓடியது. உள்ளே ஏற்கெனவே ஒட்டியிருந்த எண்ணெய்ப் படலம் அதுவரைக்கும் தாங்கும். பிறகு ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தியும் வேகம் இறங்கியது, கீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வரவில்லை. அரை மணி நேரம் நிழலில் வைத்த பின் கயிறு வந்தது. முன்பைவிட லேசாகவே வந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லேசாக வந்தது நல்ல அறிகுறி அல்ல, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. மிஷின் திணறித் திணறி ஸ்டார்ட் ஆனது. மீதியை அரிவாளால் அறுத்து முடித்தார்கள்.

திங்கட்கிழமை பொழுது சாய்ந்து மிஷின் திரும்பி வந்தது. ஈரத்துணியால் துடைத்து, பிளேடில் ஒட்டிய புல்லையெல்லாம் எடுத்துத்தான் கொண்டுவந்தார். வீட்டில் அண்ணன் இல்லை. "அக்கா, மிஷின ஷெட்டுல வெச்சுட்டனுங்க, அண்ணங்கிட்டச் சொல்லீருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவில் நின்றதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. திரும்ப ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதனால் சரியாகிவிட்டது என்று நம்பினார்.

பத்து நாள் கழித்து உடையவர் கயிற்றை இழுத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை.

மெக்கானிக் பார்த்தது

நல்ல மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன் மூன்று காரியம் செய்வார். இவரும் செய்தார். முதலில் ப்ளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். காபித்தூள் நிறம் என்றால் எரிப்பு சரி. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம். வெளுத்திருந்தால் உள்ளே சூடு ஏறியிருக்கிறது. இது வெளுத்திருந்தது. அடுத்து சைலன்சரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரத்தின் வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்த்தார். பளபளப்பாக இருக்க வேண்டிய பக்கத்தில் மேலிருந்து கீழாக நகக்கீறல் போல் கோடுகள்.

மூன்றாவது காரியத்தைத்தான் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். டேங்கில் மீந்திருந்ததில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டார். பக்கத்திலேயே சரியாகக் கலந்த பெட்ரோலில் ஒரு சொட்டு. சில நிமிடத்தில் இரண்டும் ஆவியாயின. சரியாகக் கலந்தது இருந்த இடத்தில் எண்ணெய் வட்டம் ஒன்று தங்கியது, பலகாரம் பொதிந்த காகிதத்தில் தங்குவதுபோல. இன்னொரு இடத்தில் தாள் தாளாகவே இருந்தது. டேங்கில் இருந்தது வெறும் பெட்ரோல்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பேரிங், கனெக்டிங் ராட், பிஸ்டன், சிலிண்டர் சுவர் எல்லாவற்றுக்கும் மசகு பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய் மட்டும்தான். அது வராவிட்டால் உரசலில் சூடு ஏறுகிறது. அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரைவிட அதிகமாகவும் வேகமாகவும் விரிகிறது. எரிந்த வாயு வெளியேறும் பக்கம்தான் இருப்பதிலேயே சூடான பக்கம் என்பதால் முதலில் அங்கே கடிக்கிறது. அதுதான் கீச் சத்தம். ஆறினால் சுருங்கி விடுபடும், ஆனால் கீறல் போகாது, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதன் பள்ளத்தில் சிக்கியிருக்கும், அழுத்தம் கசியும்.

இதே கீறல் வேறு காரணங்களாலும் வரலாம், அதைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றுக் கசிவு இருந்தாலும் இன்ஜின் பெட்ரோல் பட்டினியில் சூடேறும். சிலிண்டரைக் குளிர்விக்கும் செதில்களில் புல்தூள் அடைத்துக் காற்றோட்டம் நின்றாலும் கடிக்கும். பழைய எரிபொருளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் போதுமான அளவு சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிநீரில் எண்ணெய் இருக்காது, கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். ஆகவே கீறலைப் பார்த்த மாத்திரத்தில் இரவல் வாங்கியவர் மேல் பழியைப் போடக் கூடாது. தாளில் விட்ட அந்தச் சொட்டுதான் இங்கே சந்தேகத்தைத் தீர்த்தது.

யார் மேல் தவறு

"ஆயில் ஊத்தாம ஓட்டிருக்கற தம்பி."

"ஊத்தோணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களேண்ணா."

இரண்டும் உண்மை. சண்டை இங்கேதான் முட்டி நின்றது. இதை அவிழ்க்க ஊர்ப்பேச்சைவிட ஒரு பழைய சட்டம் நன்றாகக் கை கொடுக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவர் ஒரு காரியத்துக்காக வாங்கி வைத்திருப்பது பற்றித் தனி அத்தியாயம் உண்டு. கையெழுத்து, பத்திரம் எதுவும் வேண்டியதில்லை. வேலியோரம் வாய்ப்பேச்சில் கொடுத்ததும் அதற்குள் அடங்கும். ஒரு புல்வெட்டிக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை, போகவும் வேண்டாம். ஆனால் எது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டம் பிரித்து வைத்திருக்கும் முறை, திண்ணையில் உட்கார்ந்து தீர்க்கும் பஞ்சாயத்துக்கும் அப்படியே பொருந்தும்.

150ஆம் பிரிவு கொடுப்பவருக்கானது. தனக்குத் தெரிந்த குறை பொருளில் இருந்தால், பயன்பாட்டைக் கெடுக்கும் குறையோ ஆபத்தை உண்டாக்கும் குறையோ எதுவானாலும், சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சட்டம் அதற்குக் காட்டும் உதாரணம் குதிரை: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்து, அது தள்ளிவிட்டு வாங்கியவர் அடிபட்டால் கொடுத்தவரே பொறுப்பு. நம் வழக்கிலும் ஒரு முரட்டுக் குதிரை இருந்தது. ஆக்ஸிலேட்டரை விட்ட பின்னும் அந்த மிஷினின் பிளேடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் இன்ஜின் ஓடும் வேகத்தை, கூட்டி வைத்ததாலோ கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்ததாலோ வரும் குறை. பெரிய பிளேடு மாட்டுவதற்காகக் காவல் தகட்டையும் கழற்றி வைத்திருந்தார். உடையவர் கைக்கு இரண்டும் பழக்கம், வேலைக்கு வந்த ஆளுக்குப் புதிது. கால் வெட்டுப்படாமல் போனது அவர்கள் கொடுப்பினை. பட்டிருந்தால் பிஸ்டன் பற்றிய பேச்சே எழுந்திருக்காது.

151ஆம் பிரிவு வாங்கியவருக்கானது. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியாத மிஷினில் தெரியாத எரிபொருளை ஊற்றும் முன் வேலிக்கு அப்பால் ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். 154ஆம் பிரிவில் இன்னொரு குதிரை வருகிறது. நீ மட்டும் ஏறு என்று கொடுத்த குதிரையில் வீட்டார் ஒருவரை ஏற்றி, அவர் எவ்வளவு கவனமாக ஓட்டியும் குதிரை விழுந்து அடிபட்டால், வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும். இங்கே மிஷினை ஓட்டியது கூலிக்கு வந்தவர். ஆனால் "நீ மட்டும் ஓட்டு" என்று உடையவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சே இருந்திருக்காது. சொல்லாததால் அந்த வாதம் பாதிதான் நிற்கும்.

160ம் 161ம் சேர்த்துப் படிக்க வேண்டியவை. தவணை முடிந்தால், அல்லது வாங்கிய காரியம் முடிந்தால், கேட்காமலேயே திருப்ப வேண்டும். திருப்பாமல் வைத்திருந்தால் அந்த நாளிலிருந்து வரும் நஷ்டம் வாங்கியவருடையது. இரவல் வாங்கியவர் வீட்டுக்குப் பொருளைத் தேடிப் போய் நிற்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது கொடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்தக் கூச்சம் கொடுத்தவருடையதாக இருக்கக் கூடாது என்பதைத்தான் சட்டமும் சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம்: இரவல் வேறு, வாடகை வேறு. சும்மா கொடுத்தால் தெரிந்த குறையைச் சொன்னால் போதும். வாடகைக்குக் கொடுத்தால் தெரியாத குறைக்கும் கொடுத்தவரே பொறுப்பு என்று அதே 150ஆம் பிரிவு சொல்கிறது. "சும்மா வேண்டாங்ணா, ஐநூறு வெச்சுக்குங்க" என்று நீட்டும்போது வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று யோசிக்க இது ஒரு நியாயமான காரணம். பணத்துக்குப் பதில் ஒரு பாட்டில் டூ ஸ்ட்ரோக் எண்ணெயோ புது ப்ளக்கோ வாங்கிக் கொடுத்தால் மிஷினுக்கும் நல்லது, உறவும் உறவாகவே இருக்கும்.

எப்படித் தீர்ந்தது

இருவருக்கும் பொதுவான உறவினர் ஒருவர் உட்கார்ந்து பேசினார். அவர் வைத்த கணக்கு எளிமையானது, சரியானதும்கூட. தேய்மானம் உடையவருடையது, சேதம் உபயோகித்தவருடையது. கிளட்ச் ஸ்பிரிங், நைந்த ஸ்டார்ட்டர் கயிறு, பிளேடு மாட்டும் கியர் தலையில் வற்றிப்போன கிரீஸ் ஆகியவை யார் கையில் இருந்திருந்தாலும் அடுத்த மாதம் கெட்டிருக்கும். அதற்கு வாங்கியவர் காசு கொடுக்கத் தேவையில்லை. பிஸ்டன், ரிங், சிலிண்டர், கேஸ்கெட் ஆகியவை எண்ணெய் ஊற்றியிருந்தால் கெட்டிருக்காது. ஆனால் நான்கு வருடம் உழைத்த சிலிண்டருக்குப் பதில் உடையவருக்குப் புத்தம் புதியது கிடைக்கிறது, ஊற்றச் சொல்லாத குறையும் அவரிடம் இருக்கிறது. ஆகவே இந்த உதிரிபாகம் முழுவதும் இளையவர் செலவு, மெக்கானிக் கூலி உடையவர் செலவு. ஐடிலும் கிளட்சும் சரி செய்வது உடையவர் தலையில். ரசீது இருவர் முன்னாலும் வைக்கப்பட்டது.

பிளேடுக்குப் பதில் மாட்டும் நைலான் நரம்பு, பிளேடு, ப்ளக் போன்ற தீரும் சாமான்களுக்கு இந்தக் கணக்கு கூட வேண்டாம். எடுத்தவர் தீர்த்தால் எடுத்தவர் வாங்கி வைக்க வேண்டும். கல்லில் பட்டு மழுங்கிய பிளேடைச் சாணை பிடித்துத் திருப்புவதும் அதில் சேரும்.

கொடுக்கும்போது என்ன செய்திருக்க வேண்டும்

எரிபொருளில் தொடங்க வேண்டும், ஏனென்றால் பெரிய செலவு அங்கேதான். மிஷினோடு கேனையும் அளவுக் குப்பியையும் கொடுங்கள். கேனின் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள்: "1 லிட்டருக்கு 40 மில்லி". இது 25க்கு 1 என்ற விகிதம், 5 லிட்டருக்கு 200 மில்லி. சில கம்பெனி மிஷின்களுக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. மிஷினின் கையேடு எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள். எண்ணெய் கூடினால் புகை வரும், ப்ளக் கறுக்கும், சைலன்சர் அடைக்கும், அதெல்லாம் துடைத்தால் சரியாகும். குறைந்தால் துடைத்துச் சரியாகாது. எண்ணெயை டேங்கில் தனியாக ஊற்றக் கூடாது, கேனில் கலந்து குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். உங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக் மிஷின் என்றால் அதையும் எழுதி வையுங்கள், அதற்குக் கலக்கவே கூடாது.

அடுத்து பிளேடு நட்டு. பெரும்பாலான புல்வெட்டிகளில் அது இடது மரை. சாதாரண நட்டு கழலும் பக்கம் திருப்பினால் இது இறுகும். தெரியாதவர் பைப்பைச் சொருகி பலம் கொடுப்பார், மரை போகும், அல்லது பூட்டுக் கம்பி வளையும். கியர் தலையில் உள்ள துளையில் கம்பியைச் சொருகிப் பூட்டி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கையால் ஒரு தடவை கழற்றி மாட்டிக் காட்டுங்கள். தலையில் பெயின்டால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டால் மறக்கவே மறக்காது.

பிறகு ஒரு நிமிடம் அவர் முன்னால் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் பிளேடு நிற்கிறது, காவல் தகடு இருக்கிறது என்று இருவர் கண்ணும் பார்க்க வேண்டும். போனில் நாலு படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். இதைச் சந்தேகம் என்று யாராவது நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அந்தப் படம் முதலில் காப்பாற்றுவது வாங்குபவரைத்தான், முன்பே இருந்த கீறல் அவர் கணக்கில் ஏறாது. சொல்ல வேண்டிய நாலு சொல்லையும் அந்தப் படத்தோடு எழுதிவிடலாம்: "தம்பி, மிஷின், கேன், எண்ணெய், ஸ்பானர் குடுத்தாச்சு. லிட்டருக்கு 40 மில்லி. நீ மட்டும் ஓட்டு. திங்கக்கெழம காலைல கொண்டுவந்துரு." ஓட்டும்போது கண்ணாடியும் முழங்கால் வரை பூட்ஸும் போட வேண்டும், சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆளோ ஆடு மாடோ இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இரும்புப் பிளேடில் பட்டுத் தெறிக்கும் கல் கண்ணைக் கொண்டுபோய்விடும்.

கேட்பவருக்கும் முறை உண்டு. "புல்லு வெட்ட வேணும்" என்பது போதாது. எத்தனை ஏக்கர், யார் ஓட்டுவார், எந்த நாள் திருப்புவேன் என்று தானே சொல்லிவிட வேண்டும். கொடுப்பவர் கேட்டு வாங்கும்படி வைப்பது அவரைச் சங்கடத்தில் ஆழ்த்துவது. வேலையின் நடுவே மிஷின் ஒரு தடவை நின்றால், திரும்ப ஸ்டார்ட் ஆனாலும், உடனே போனில் சொல்ல வேண்டும். நம் வழக்கில் ஞாயிறு காலை அந்த ஒரு போன் போயிருந்தால் "எண்ணெய் ஊத்துனயா?" என்ற கேள்வி அங்கேயே வந்திருக்கும். பத்து நாள் கழித்து மெக்கானிக் வாயிலிருந்து கேட்டதுதான் உடையவரை நோகடித்தது. பிஸ்டன் போன வருத்தம் அவருக்கு இரண்டாவதுதான்.

திருப்பும்போது

விளக்கு வைத்த பிறகு ஊசி, உப்பு, முறம் எதையும் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மிஷினுக்கும் அது பொருந்துகிறது. இருட்டில் திருப்பும் மிஷினை யாரும் பார்க்க முடியாது. காலையில், உடையவர் இருக்கும்போது, அவர் முன்னால் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டித் திருப்ப வேண்டும். ஷெட்டில் வைத்துவிட்டுப் போவது திருப்பியதாகாது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். குழம்பு வந்த கிண்ணம் ஒரு கை முருங்கைக்கீரையோடாவது திரும்பிப் போகும். அதே நல்ல எண்ணத்தில் பலர் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றித் திருப்புகிறார்கள். இங்கே மட்டும் வழக்கத்தை இடம் மாற்றிப் போட வேண்டும்: நிறைய வேண்டியது கேன், வெறுமையாக இருக்க வேண்டியது டேங்க். ஒரு மாதத்துக்கு மேல் டேங்கிலும் கார்புரேட்டரிலும் நிற்கும் எரிபொருள் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு விறைத்துப் போகும். ஆகவே டேங்கைக் கேனில் கவிழ்த்துவிட்டு, மிஷின் தானாக நிற்கும்வரை ஓட்டி மீதியை எரித்துவிட வேண்டும். புல்தூளைப் பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், சிலிண்டர் செதில்களிலும் கியர் தலையைச் சுற்றியும் முக்கியமாக. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்ட வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடிக்கவே கூடாது.

வேறு சாமான்கள்

இரவலில் அதிகம் ஏமாற்றும் பொருள் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர். மிஷின் நன்றாகத் திரும்பி வரும், கெடுவது பயிர். 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கை இரண்டு முறை அலசிவிட்டுப் பருத்திக்கோ தக்காளிக்கோ திராட்சைக்கோ அடித்தால், குழாயிலும் வாஷரிலும் வடிகட்டியிலும் தங்கிய மிச்சமே போதும். இலை குறுகிச் சுருண்டு, நரம்பு நரம்பாய் நீண்டுவிடும். பருத்தி இதற்கு மிகவும் அஞ்சும். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்து, அதன் மேல் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதைப் பயிருக்கு மருந்தடிக்க யாருக்கும் இரவல் தரக் கூடாது. கேட்பவரும் "இதுல கடைசியா என்னங்க அடிச்சீங்க?" என்று கேட்காமல் எந்த ஸ்ப்ரேயரையும் எடுக்கக் கூடாது. சாதாரணப் பூச்சிமருந்து டேங்க் என்றாலும் மூன்று முறை சுத்தத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் நாசில் வழியாக அடித்து வெளியேற்றித்தான் திருப்ப வேண்டும். அந்தத் தண்ணீர் வாய்க்காலிலோ கிணற்றோரமோ போகக் கூடாது.

அலுமினிய ஏணியும் அலுமினியத் தொரட்டியும் உயிர் சம்பந்தப்பட்டவை. தேங்காயோ முருங்கைக்காயோ பறிக்கப் போய் மின்கம்பியில் பட்டு உயிர் போன செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அவர் மரத்துக்கு மேலோ பக்கத்திலோ லைன் போகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். போகிறது என்றால் கொடுக்காதீர்கள். ஏணி சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் ஏணியின் கால் தள்ளி இருக்க வேண்டும்.

தண்ணீர் இறைக்கும் இன்ஜின் பம்ப் இரவல் போனால் தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதால்தான் கெடும். தொடங்குமுன் பம்ப்பின் வாய் வழியாகத் தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சீல் கருகிவிடும். டிரில்லிங் மிஷினைக் கொடுத்தால் பிட்டுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கான்கிரீட் பிட்டை இரும்பில் போட்டால் முனை போச்சு.

மரம் அறுக்கும் செயின் சாவை இரவல் தராமல் இருப்பதே நல்லது. மறுப்பதற்கும் ஒரு பாங்கு உண்டு: "மிஷினத் தர்றதில்ல தம்பி, நானே வந்து அறுத்துக் குடுக்கறேன். பெட்ரோல் மட்டும் போட்டுக்க." இதில் கேட்டவருக்கு அவமானம் இல்லை, வேலையும் நடக்கும். டிராக்டர், பவர் டில்லர் அளவுக்குத் தேவை வந்தால் அண்டை வீட்டாரை நெருக்க வேண்டாம், வேளாண்மைப் பொறியியல் துறையே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது.

யாரிடம் எது போயிருக்கிறது என்பதை ஷெட் கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதி வைப்பது நல்ல பழக்கம்: பெயர், பொருள், தேதி. வருடத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாச் சாமான்களையும் வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள். சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் யாருக்கும் மனம் நோகாது, அரிவாள் முதல் ஸ்பானர் வரை எது எந்த வீட்டில் தங்கிவிட்டது என்பதும் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அந்தப் புல்வெட்டி இப்போது ஐடிலில் பிளேடு நின்று ஓடுகிறது, காவல் தகடு திரும்ப ஏறிவிட்டது. கியர் தலையில் வெள்ளை அம்புக்குறி இருக்கிறது. கேனில் 40 மில்லி என்று எழுதியிருப்பது இளையவரின் கையெழுத்து. அடுத்த மழைக்குப் பின் அவர் கேட்டபோது உடையவர் கொடுத்தார். இந்த முறை ஐந்து லிட்டர் கேனும், 200 மில்லி எண்ணெய் தனிக் குப்பியில் அளந்தும்.